ஏவாத வேண்டல்: பெருமாள் திருமொழி, குழைத்த பத்து, திருவாரூர்ப் பதிகம் ஆகியவற்றில் நம்பிக்கையின் மொழி

ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது தாம் யார், கேட்கப்படுபவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்றனையும் எச்சவியலில் இரத்தற்குரிய சொற்களாக ஒருங்கு நிறுத்தி, முதலாவது தாழ்ந்தோன் கூற்று, இரண்டாவது ஒப்போன் கூற்று, மூன்றாவது உயர்ந்தோன் கூற்று என வரையறுத்தது இதனை உணர்ந்தேயாகும். மக்கள் வழக்கிற்கென வகுக்கப்பட்ட இவ்விலக்கணத்தைக் கடவுளை முன்னிலைப்படுத்திப் பாடிய பாடல்களோடு வைத்துப் பார்த்தால் சில சிக்கல்கள் எழுகின்றன. அடியவன் ஆண்டவனிடம் 'ஈ' என்றன்றோ கேட்க வேண்டும்? நல்வழியின் கடவுள் வாழ்த்தில் ஔவையார் விநாயகரிடம் 'தா' என்கிறார். நான்கு பண்டங்களைப் படைத்து மூன்று தமிழைக் கேட்கும் அந்தக் கணக்கில் கொடுக்கல் வாங்கலும் உண்டு. மூத்தவள் ஒருத்தி பிள்ளையிடம் காட்டும் உரிமையும் உண்டு. இலக்கணம் தாழ்வைக் கேட்ட இடத்தில் இலக்கியம் உறவை வைத்திருக்கிறது.

பக்திப் பாடல்களில் வேண்டுதல் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரு படிநிலையை முன்னிறுத்துவர். பொருளும் நலமும் கேட்பது கீழ்ப்படி, வீடுபேறு கேட்பது இடைப்படி, எதனையும் கேளாது எல்லாம் அவன் செயல் என்றிருப்பது மேற்படி என்பது அவ்வகுப்பு. சமய நூற்பயிற்சியில் இதற்குப் பயன் இருக்கலாம். பாடல்களைப் பாடல்களாகக் கற்கப் புகுவோர்க்கு இது பெருந்தடையாகும். கேட்பவன் நம்பாதவன் எனவும், கேளாதவன் நம்புபவன் எனவும் முன்னரே தீர்ப்பளித்துவிட்டால் பாடலுக்குள் நடப்பது கண்ணில் படாது. இறைவனை நம்புதல் வேறு, இன்னது செய்க என இறைவனுக்கே வகுத்துரைத்தல் வேறு என்பதில் ஐயமில்லை. இவ்வேறுபாடு கேட்டல், கேளாமை என்னும் எல்லைக்கோட்டில்தான் அமைந்துள்ளதா என்பதே இக்கட்டுரையின் வினா. குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழி இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. குழைத்த பத்தும் சுந்தரரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்றும் அதனோடு ஒப்பிடப்படுகின்றன.

ஐந்தாம் திருமொழியின் வினைமுற்றுகள்

பெருமாள் திருமொழி 105 பாசுரங்கள் கொண்டது. அதன் ஐந்தாம் திருமொழி வித்துவக்கோட்டு இறைவனை விளித்துப் பாடப்பட்டது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழையின் கரையை ஒட்டிய திருமிற்றக்கோடே இத்தலம் எனக் கொள்ளப்படுகிறது. மலைநாட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாக இன்றும் வழிபடப்படுகிறது. சேர மன்னர் ஒருவர் தம் நாட்டுத் தலத்தில் நின்று, தமக்கு வந்த ஏதோ ஒரு துயரை முன்வைத்துப் பேசுகிறார் என்ற அளவில் சூழலைக் கொள்ளலாம்.

இதனைத் தனியே எடுத்து ஓதுவது வழக்கமாயினும், நான்காம் திருமொழியோடு தொடர்த்துப் படிப்பதே பொருத்தம். திருவேங்கடத்தைப் பாடும் அந்நான்காம் திருமொழி முழுவதும் விருப்பங்களின் வரிசை. அம்மலைச் சுனையில் வாழும் பறவையாக, மீனாக, செண்பகமாக, காட்டாறாக, அடியார் நடக்கும் வழியாக, கோயில் வாயிலின் படியாக ஆக வேண்டும் என ஆசை மாறிமாறிச் செல்கிறது. முடிவில், அம்மலைமேல் எதுவாக ஆனாலும் போதும் என நிற்கிறது. இன்னதாகப் பிறப்பிக்க என்று இறைவனை ஏவும் சொல் அங்கில்லை. நான் ஆவேன் என்னும் தன்மை வினையே அங்கு ஆட்சி செய்கிறது. ஒன்றைக் குறித்து எழுந்த விருப்பம் அடுத்தடுத்த பாசுரங்களில் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டே வந்து, 'எதுவாயினும்' என்ற இடத்தை அடைகிறது. இப்படி விருப்பம் பக்குவப்பட்ட பின்னரே வித்துவக்கோட்டுப் பாசுரங்கள் வருகின்றன.

ஐந்தாம் திருமொழியின் முதல் ஒன்பது பாசுரங்களிலும் துயரத்தைத் தீர், நலத்தைத் தா என்னும் பொருளில் ஓர் ஏவல் வினைகூட இல்லை. துயரம் இல்லாமலும் இல்லை. பாசுரந்தோறும் அது பேசப்படுகிறது. நீ தடுக்காவிட்டாலும், நீ நோக்காவிட்டாலும், நீ அழிக்காவிட்டாலும் என எதிர்மறையோடு 'ஆகிலும்', 'இனும்' போன்ற ஒட்டுகள் சேர்ந்த எச்சங்களில் அது இடம்பெறுகிறது. தலைமை வாக்கியத்தின் முற்று எப்போதும் பாடுபவருடையது: இருந்தேன், பார்ப்பேன், வைப்பேன், நிற்பேன். இவ்வமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இறைவன் செய்யக்கூடியவை யாவும் எச்சத்தில் ஒடுங்கித் திறந்தே கிடக்கின்றன. உறுதியாக முற்றுப்பெறுவது அடியவரின் செயல் மட்டுமே. இறைவனுக்குரிய வினையைத் தாம் முடித்து வைக்க ஆழ்வார் மறுக்கிறார். அதே வேளையில் தம் தேவையையும் அவர் மறைக்கவில்லை. நீ தீர்க்காவிட்டாலும் என்பதற்குள் தீர்க்க வல்லவன் நீ என்பதும், தீர்த்தால் நன்று என்பதும் உறைகின்றன. வேண்டுதல் அகற்றப்படவில்லை, ஏவல் மட்டுமே அகற்றப்பட்டுள்ளது.

உவமைகளின் வரிசையும் கருதத்தக்கது. சினந்து தள்ளிய தாயின் அருளையே நினைந்து அழும் குழந்தை, பலரறிய இகழ்ந்து நடந்த கணவனையன்றிப் பிறரை அறியாத குலமகள், துன்பம் செய்யும் வேந்தனின் கோலையே நோக்கி வாழும் குடி, அறுத்துச் சுடும் மருத்துவனிடம் அன்பு குன்றாத நோயாளி என முதல் நான்கும் மனித உறவுகள். பின்னர்க் கப்பலின் பாய்மரத்துக்கே மீளும் பறவை, கதிரவனுக்கன்றி மலராத தாமரை, மழை மறந்தாலும் வானையே பார்த்திருக்கும் பயிர், கடலையன்றிப் பிறிதிடம் நில்லாத ஆறு என நான்கும் இயற்கையிலிருந்து வருகின்றன. மனித உறவில் விருப்பத்துக்கு இடமுண்டு. குழந்தை அழாமலும் இருக்கலாம், குடி வேறு நாடு தேடியும் போகலாம். தாமரைக்கும் ஆற்றுக்கும் அந்தத் தெரிவு கிடையாது. தேர்ந்துகொண்ட நம்பிக்கை மெல்லமெல்ல இயல்பாகவே ஆகிவிடுவதை இவ்வரிசை காட்டுகிறது எனலாம்.

இவ்விரு தொகுதிக்கும் இடையே ஐந்தாவதாக வரும் பறவையை இத்திருமொழியின் மையம் எனக் கருத இடமுண்டு. பிற உவமைகளில் வருவோர் எவரும் வேறிடம் தேடிச் செல்லவில்லை. பறவை மட்டுமே போய்ப் பார்க்கிறது. நாற்புறமும் பறந்து, கரை காணாமல் மீள்கிறது. நிலம் தென்படாத நடுக்கடலில் பாய்மரம் ஒன்றே அமரத்தக்க இடம் என்பது அதற்கு எவரும் ஓதிக்கொடுத்த பாடமன்று. சிறகு வலிக்கப் பறந்து அறிந்தது. குலசேகரரின் நம்பிக்கையைக் கண்மூடிய ஏற்பு எனக் கொள்வோர் இப்பறவையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் பாசுரம் செல்வத்தை உவமையாக்குகிறது. இறைவனையே வேண்டிச் செல்வத்தை வேண்டாதவனைச் செல்வம் தானே வேண்டி வருவதுபோல், நீ வேண்டாவிட்டாலும் நான் உன்னை வேண்டி நிற்பேன் என்னும் பொருள் விரிகிறது. இதில் ஒரு தலைகீழ் அமைப்பு உண்டு. உவமையில் புறக்கணிக்கப்பட்டும் விடாது தொடர்வது செல்வம். ஆழ்வார் தம்மைத் துறவியின் நிலையில் வைத்துக்கொள்ளாது, துறவியால் ஒதுக்கப்பட்ட செல்வத்தின் நிலையில் வைத்துக்கொள்கிறார். அடியவனை வேண்டாதவனாக இறைவனும், இறைவனை விடாதவனாக அடியவனும் நிற்கும் இந்நிலையையே பயன் கூறும் பத்தாம் பாசுரமும் மீண்டும் சுட்டுகிறது. வேண்டு என்னும் தமிழ்ச்சொல் விரும்புதலையும் இரத்தலையும் ஒருங்கே குறிப்பது. இங்கு அதன் இரத்தற்பொருள் மங்கி விருப்பப்பொருள் மேலெழுகிறது. வேண்டப்படும் பொருளும் கொடுப்பவனும் ஒன்றாகிவிடுவதால் 'தா' என்பதற்குச் செயப்படுபொருள் இல்லாமற் போகிறது.

இரண்டு உவமைகள் பற்றி

கணவன், வேந்தன் ஆகிய இரண்டு உவமைகளையும் எளிதில் கடந்து செல்ல இன்றைய வாசகருக்கு இயலாது, இயலவும் கூடாது. வகுப்பில் இப்பாசுரங்களை நடத்தும்போது மாணவியரிடமிருந்து தவறாமல் எழும் வினா, இகழும் கணவனைப் பொறுத்திருத்தல் எவ்வாறு நம்பிக்கைக்கு உவமையாகும் என்பது. உவமை உவமையே, அதனை வாழ்க்கை நெறியாகக் கொள்ள வேண்டா என்று விடை கூறுவது தப்பித்தலாகும். உவமானம் மக்கள் ஏற்றுக்கொண்ட மதிப்பிலிருந்தே ஆற்றல் பெறுகிறது. அக்காலச் சமூகம் மனைவியிடமும் குடியிடமும் எதிர்பார்த்த பொறுமையை இப்பாசுரங்கள் முதலீடாகக் கொள்கின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்துக் கண்டித்த திருக்குறளும், கணவனுக்கு நேர்ந்த அநீதிக்காக அரசவையில் வழக்குரைத்த கண்ணகியும் இதே மொழியில் உள்ளனர்.

எனினும் இரண்டு செய்திகளை உடன் வைத்துப் பார்க்க வேண்டும். குடியின் நிலையில் நின்று பேசுபவர் முடிசூடிய வேந்தர். பத்தாம் பாசுரத்தில் வேற்படை உடையவராகத் தம்மைக் குறித்துக்கொள்பவர். கோல் கையில் இருப்பவர், கோல் தம்மை வருத்தினால் எப்படியிருக்கும் என எண்ணிப் பார்ப்பது ஆளப்படுவோர்க்குப் பொறுமை போதிப்பதினின்றும் வேறானது. இரண்டாவதாக, நான்கு மனித உவமைகளுள் துன்பத்துக்கு ஒரு நோக்கம் இருப்பதாகத் தெளிவாகச் சொல்லத்தக்கது மருத்துவன் உவமை ஒன்றே. தாயின் சினத்துக்கும் கணவனின் இகழ்ச்சிக்கும் வேந்தனின் கொடுமைக்கும் பாசுரம் காரணம் கற்பிக்கவில்லை. அவை நன்மைக்கே என்றும் கூறவில்லை. துன்பத்தை நியாயப்படுத்தாமலே நம்பிக்கையைப் பேச முடியும் என்பது ஆழ்வாரின் நேர்மை. பிற்கால விளக்கங்களில் இந்நேர்மை பல இடங்களில் கரைந்துபோயிற்று.

சரணாகதி பற்றிய வைணவ வாதத்தில் வழங்கும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி நியாயங்களை இத்திருமொழிக்குப் பொருத்துவோர் உண்டு. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் சார்ந்தோர் எனச் சுருக்கிக் கூறுவது வழக்கம். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொண்டிருக்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. வித்துவக்கோட்டுக் குழந்தையோ இவ்விரண்டிலும் சேராது. அது தள்ளப்பட்டு வெளியே கிடக்கிறது. பற்றவும் இயலாமல், தூக்குவாரும் இல்லாமல் அழுகிறது. கோட்பாடு வகுத்தவர்கள் குட்டி தாயோடு சேர்ந்திருக்கும் நிலையைப் பேச, கவிஞர் பிரிந்திருக்கும் நிலையைப் பேசினார். நம்பிக்கை தேவைப்படுவது இரண்டாம் நிலையில்தான்.

குழைத்த பத்து

திருவாசகத்தின் குழைத்த பத்து திருப்பெருந்துறையில் அருளியதென மரபு கூறும்; ஆத்தும நிவேதனம் என அதன் கருத்தும் குறிக்கப்படுகிறது. இறைவனிடம் எதையும் கேட்க வேண்டா என்பதற்கு மேடைகளில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது இதன் ஆறாம் பாடல். வேண்டத்தக்கதை அறிபவனும் வேண்டியதைத் தருபவனும் நீயே. எனக்கென ஒரு விருப்பம் உண்டாயின் அதுவும் உன் விருப்பமே என்பது அதன் திரண்ட கருத்து. தனிப்பாடலாக எடுத்துக் காட்டப்படுவதால் இதற்கு ஒரு தீங்கு நேர்ந்துள்ளது. அமைதியான ஞானி ஒருவரின் முடிந்த முடிபாக அது கேட்கிறது. பத்தின் தொடக்கத்தில் ஒலிப்பதோ அமைதியான குரலன்று.

முதற்பாடலிலேயே அடியவர் காக்குமாறு கேட்கிறார். பிழை செய்தால் பொறுத்தல் உனக்குக் கடனில்லையா என வினவுகிறார். அரசனின் வாயிலில் நின்று நீதி கேட்போரின் குரலில் கூவியும் அருளாதிருப்பது தகுமா என்கிறார். இறைவன் செய்ய வேண்டியதை இறைவனுக்கே எடுத்துரைக்கும் குரல் இது. அடுத்து வரும் பாடல்களில் குற்றச்சாட்டு வளர்கிறது. உன் சிறப்பை மறக்கச் செய்து என்னை இவ்வுடலில் தள்ளி உழலச் செய்தவன் நீயே என்ற அளவுக்குச் செல்கிறது. அதன் பின்னரே ஆறாம் பாடல் வருகிறது. ஏழாம் பாடலில், என்னை ஆட்கொண்ட அன்றே உயிரும் உடலும் உடைமையும் உன்னுடையவாகிவிட்டன; இன்று நீ நன்மை செய்தாலும் பிழை செய்தாலும் அதற்குத் தலைவன் நானா என்ற வினா எழுகிறது. எட்டாம் பாடல், மீண்டும் உடலில் இட்டாலும் திருவடிக்கீழ் வைத்தாலும் அதனை ஆராயும் அதிகாரம் எனக்கில்லை என்கிறது.

அந்தாதியாய்த் தொடுக்கப்பட்ட இப்பத்தில் ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கம். முறையீட்டைக் கழித்துவிட்டு ஒப்படைப்பை மட்டும் எடுத்துக்கொள்ள யாப்பே இடந்தரவில்லை. மேலும் ஆறாம் பாடலில் விருப்பம் மறுக்கப்படவில்லை என்பது கவனத்திற்குரியது. ஒன்று உண்டாயின் என நிபந்தனையாக நிற்கிறது. திருக்குறளின் கடவுள் வாழ்த்து இறைவனை விருப்பும் வெறுப்பும் அற்றவனாகக் காட்டுகிறது. அத்தகைய இறைவனிடம் வேண்டுதலுக்கு என்ன பொருள் என்ற வினாவை வள்ளுவர் எழுப்பவில்லை. மாணிக்கவாசகர் இறைவனுக்கே ஒரு விருப்பத்தை ஏற்றிக் கூறி, தம் விருப்பத்தின் ஊற்று அதுவே என்கிறார். இந்நிலையில் கேட்பதும் அவன் கேட்பித்தலாகிறது. கேளாமையைத் தனியொரு உயர்வாகப் போற்ற இதற்குப் பின் இடமில்லை.

பிழை செய்தாலும் என்ற சொல்லையும் கடந்து செல்ல முடியவில்லை. இறைவன் செய்வதெல்லாம் நன்மையே என்று கூறியிருந்தால் அது எளிய நம்பிக்கையாக இருந்திருக்கும். பிழையும் செய்யக்கூடும் என்ற எல்லையை ஒப்புக்கொண்டு, அப்போதும் தலைமை உன்னுடையதே என்பது இன்னும் கடினமானது.

கண்ணிழந்தவரின் குரல்

இவ்விருவருக்கும் நேர் எதிராகத் தோன்றுபவர் சுந்தரர். குண்டையூரில் பெற்ற நெல்லைத் திருவாரூரில் பரவையார் வீட்டுக்குக் கொண்டு சேர்க்க ஆள் வேண்டும் எனத் திருக்கோளிலியில் பதிகம் பாடியவர். இறைவனுக்கு இன்னது செய்க எனக் கூறுவதில் அவரை விஞ்சியவர் இல்லை. மேற்கூறிய படிநிலையில் அவருக்குக் கீழ்ப்படியே கிடைக்கும். தோழமை நெறி என்று ஒரு விலக்கு அளித்துத்தான் உரையாளர்கள் அவரை மீட்கின்றனர். தோழனாயின் ஒப்போனுக்குரிய 'தா' பொருந்தும் என்பது உண்மையே. திருவாரூர்ப் பதிகம் ஒன்று இந்த விலக்கையும் கடந்து செல்கிறது.

சங்கிலியாருக்கு அளித்த உறுதியை மீறித் திருவொற்றியூரை நீங்கியதால் பார்வையிழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணைப் பெற்று, மற்றொன்று வேண்டித் திருவாரூரில் நின்று பாடியதாகப் பெரியபுராணம் கூறும். அப்பதிகத்தில் பணிவு மிகக் குறைவு. நீங்கா அடிமைகளாய் உமக்கே ஆட்பட்டுப் பிறரை நாடாதவர்கள், வெளித்தோன்றாத நெருப்பாய் உள்ளே வெந்து தம் அல்லலைச் சொல்லும்போது நீர் வாளா இருப்பீரானால், நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்கிறார். இரண்டாம் பாடலில் அடிமை முறையின் சொற்களையே எடுத்தாள்கிறார். என்னை நீர் விற்கவும் செய்யலாம். ஆயினும் நான் அடகுப் பொருளன்று, விரும்பி ஆட்பட்டவன். கண்ணைப் பறித்துப் பழியைத் தேடிக்கொண்டவர் நீரே என்பது வாதம்.

இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். பிறரை நாடாதவர்கள் என்னும் இத்தொடர் குலசேகரரின் உன்னையன்றிப் பற்றிலேன் என்பதே. இருவர் வாதத்துக்கும் அடித்தளம் ஒன்று. வேறு வாயில் இல்லை. குலசேகரர் அதிலிருந்து, ஆகவே நீ செய்யாவிட்டாலும் இருப்பேன் என்னும் முடிவை எடுக்கிறார். சுந்தரர் அதே அடித்தளத்திலிருந்து, ஆகவே நீ செய்யாமலிருத்தல் எவ்வாறு என்கிறார். அடகு வைத்த பொருள் ஒருநாள் மீட்கப்பட்டு வேறு கைக்குப் போகும். விரும்பி ஆட்பட்டவர் போகமாட்டார். போகமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்திருப்பதாலேயே அவரால் அவ்வளவு கடுமையாகப் பேச முடிகிறது. ஏசிவிட்டு வேறிடம் செல்பவனின் சொல் சினம் மட்டுமே. ஏசிய பின்னும் அவ்வாயிலிலேயே நிற்பவனின் சொல் பாய்மரத்துக்கு மீண்ட பறவையின் குரலாகிறது. நம்பிக்கையின் அளவுகோல் ஏவல் வினையின் இருப்போ இன்மையோ அன்று. புறம் போகாமையே அது எனக் கொள்வதற்கு இவ்விரு பாடல்களின் ஒப்பீடு இடந்தருகிறது.

அப்பரிடமும் இவ்விரு குரல்களும் உண்டு. திருக்கடம்பூர்ப் பதிகத்தில் தாங்குவது இறைவன் கடன், பணி செய்திருப்பது தம் கடன் எனப் பங்கு பிரித்தவர், சூலை நோயில் திருவதிகையில் முதன்முதல் பாடியபோது வலியை விலக்கவில்லையே என்றுதான் தொடங்கினார். கடன் என்ற சொல்லும் முழுப் பணிவுச் சொல்லன்று. தம் பங்கைச் சொல்லும்போதே இறைவனின் பங்கையும் அவர் நினைவூட்டிவிடுகிறார்.

ஆண்டாளின் திருப்பாவையில் இச்சிக்கல் இரண்டு பாசுரங்களின் இடைவெளியில் வெளிப்படுகிறது. இருபத்தெட்டாம் பாசுரம் பறையைத் தருமாறு கேட்டு முடிகிறது. இருபத்தொன்பதாம் பாசுரத்தில், நாங்கள் வந்தது இந்தப் பறைக்காக அன்று என மறுப்பு வருகிறது. எப்பிறவியிலும் உனக்கே ஆட்செய்தல் வேண்டும் என்பதைத் தொடர்ந்து, எங்களின் பிற விருப்பங்களை மாற்றிவிடு என ஓர் ஏவல் வினையும் வருகிறது. ஏவலைக் கைவிட வேண்டிய இடத்திலும் ஓர் ஏவல் தேவைப்பட்டிருக்கிறது. அவ்வேவல் இறைவனின் செயலை நோக்கியதன்று, கேட்பவரின் விருப்பத்தை நோக்கியது. குலசேகரர் தாமே தளர்த்திக்கொண்ட பிடியை ஆண்டாள் இறைவனையே தளர்த்தச் சொல்கிறார்.

சுந்தரருக்குத் திருவாரூரில் மற்றைக் கண்ணும் கிடைத்தது என்று சேக்கிழார் பாடி முடிக்கிறார். வித்துவக்கோட்டுத் திருமொழிக்கு அத்தகைய பின்கதை இல்லை. ஓதுவோர் நரகம் அடையார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. துயரம் தீர்ந்ததா என்பது அதில் கூறப்படவில்லை. அத்துயரம் இன்னது என்பதும் கூறப்படவில்லை.